கஞ்சி போட்ட கம்பி

தென்காசி ரயில்வே கேட் பக்கம் வீட்டின் முன்கட்டிலேயே மைக் செட் கடை வைத்திருந்த யாக்கூபின் மனைவி ஜாஹிரா பீவியின் இரண்டு காதுகளிலும் குற்றாலத்துப் பேரருவி விழுந்துகொண்டிருந்தது. ஆனி ஆடியில் கனமாக, ஐப்பசி அடைமழையில் வெள்ளமாக, பங்குனி வெயிலில் பாறையோடு ஒட்டிய கசிவாக, மலையில் எப்படியோ அப்படியே காதிலும் விழுந்தது. ஒன்பது வயதில் வந்த சங்கதி இது. கடையநல்லூர்த் தறிக்காரர்கள் பெருநாள் கழிந்ததும் குடும்பத்தோடு வண்டி கட்டிக் குற்றாலத்துக்குக் குளிக்கப் போவது வழக்கம். அப்படிப் போன இடத்தில் இவள் தடுப்புச் சங்கிலியைத் தாண்டி, தண்ணீர் நேராக இடிக்கிற இடத்தில் போய் அண்ணாந்து நின்றுவிட்டாள். உம்மா சைதூன் பீவி முடியைப் பிடித்து இழுத்தபோது பிள்ளையும் வந்தாள், அருவியும் கூடவே வந்துவிட்டது. விளக்கெண்ணெய் விட்டார்கள், வேப்பிலைப் புகை பிடித்தார்கள். திருநெல்வேலியில் ஒரு காது டாக்டர் கண்ணாடிக் குழாய் வைத்து உள்ளே பார்த்துவிட்டு, தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி ஈரத்தைத் துடைத்துக்கொண்டு, உள்ளே நல்ல குளிர்ச்சியாக இருக்கிறது, அப்படியே விட்டுவிடுங்கள் என்றார். அப்படியே விட்டுவிட்டார்கள். சீசன் மாதங்களில் தலையணை நனையும். ஓர் ஆடியில் தலையணையில் ஓர் அயிரை மீன் துள்ளிக்கொண்டிருந்தது. உம்மா அதைக் கொண்டுபோய் வாய்க்காலில் விட்டாள்.

அருவிக்குப் பக்கத்தில் நிற்கிறவர்கள் எப்படிப் பேசுவார்களோ அப்படித்தான் ஜாஹிரா பேசுவாள். அவள் ஒரு ரகசியம் சொன்னால் கூட்ஸ் வண்டிக்காரனுக்கும் தெரிந்துவிடும். மற்றவர்கள் சொல்வதை உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள். 1953இல் அவளை யாக்கூபுக்குக் கட்டிக்கொடுத்தபோது, ஊரெல்லாம் சத்தம் போட்டுப் பிழைக்கிறவனுக்கு அல்லாஹ் பார்த்துக் கொடுத்த பெண் என்று கேலி பேசினார்கள். யாக்கூபும் சேர்ந்து சிரித்தான். தென்காசிக்கு வந்தபின் அவளால் ஊருக்கே உபகாரம். குற்றாலத்துக்கு ஜட்கா பேச வருகிறவர்கள் முதலில் யாக்கூப் வீட்டு வாசலுக்கு வந்து, கையை உயர்த்தி விரல்களைத் தண்ணீர் விழுவதுபோல் ஆட்டிக் காட்டுவார்கள். அவள் கொஞ்சம் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "விழுது. பொம்பளயள் பக்கம் நல்லா விழுது, ஆம்பளயள் பக்கம் கொஞ்சம் கொறவுதான்" என்பாள். இடது காது பெண்கள் பக்கம், வலது காது ஆண்கள் பக்கம். ஒரு தடவைகூடத் தவறியதில்லை.

1957இல் கொழும்பில் துணிக்கடையில் வேலை பார்த்த அவளுடைய அண்ணன் மசூது, கப்பலும் ரயிலுமாக ஊருக்கு வந்தபோது மச்சானுக்கென்று ஒரு கித்தார் கொண்டுவந்தான். அசல் மின்சாரக் கித்தார். வெறுமனே மீட்டினால் கொசு பறக்கிற சத்தம்தான் வரும், ஆம்பிளிபயரில் மாட்டினால்தான் வாய் திறக்கும். யாக்கூப் இலங்கை வானொலியைக் கேட்டுக் கேட்டுத் தானாகவே வாசிக்கப் பழகினான். இரண்டு வருஷத்துக்குள் கீழப்பாவூர் முதல் செங்கோட்டை வரை எந்தக் கல்யாணத்திலும் மாப்பிள்ளை வருவதற்கு முன் யாக்கூப் கித்தார் வந்தாக வேண்டும் என்றாகிவிட்டது. பெண் வீட்டார் கை தட்டினார்கள், பிள்ளை வீட்டார் பன்னீர் தெளித்தார்கள். வாசித்து முடித்து வீட்டுக்கு வந்தால் ஜாஹிரா சோறு போட்டுக்கொண்டே, "இன்னைக்கி நல்லா வாசிச்சியளாமே, மெஹர் பானு சொன்னா" என்பாள். மெஹர் பானு பக்கத்து வீட்டுக்காரி. தன் வாசிப்பைப் பற்றித் தன் பெண்டாட்டிக்குப் பக்கத்து வீட்டுக்காரி சொல்லித்தான் தெரிய வேண்டியிருக்கிறது என்பது யாக்கூபுக்கு மீன் முள்ளாகத் தொண்டையில் நின்றது. ஊர் பூராவும் கேட்டு என்ன, இவள் கேட்கவில்லையே. அந்த நினைப்பு வந்த பிறகு அவனுக்கு எந்தக் கை தட்டலும் காதில் ஏறவில்லை.

ஆக, ஓர் ஆம்பிளிபயர் செய்வது என்று முடிவெடுத்தான். கடையில் கிடைக்கிறதெல்லாம் வறண்ட காதுக்காரர்களுக்குச் செய்தது. தனக்கு வேண்டியது ஜாஹிராவுக்கென்றே அளவெடுத்துச் செய்த ஒன்று, அருவியை நிறுத்தாமல் அருவிக்கு உள்ளே போய் அவளைத் தொடுகிற ஒன்று. அருவியை நிறுத்த அவனுக்கு மனமில்லை. அவள் அதோடு வளர்ந்தவள், அது இல்லாவிட்டால் அவளுக்கு உறக்கம் வராது. கடைத் தரை முழுக்கச் சாக்கட்டியால் வால்வு எங்கே, விசிறி எங்கே, ஸ்பீக்கர் எங்கே என்று படம் போட்டான். வாடிக்கையாளர்கள் கோலத்தைத் தாண்டுவதுபோல் அதைத் தாண்டித் தாண்டி வந்துபோனார்கள்.

முதலில், எல்லாரும் செய்கிற மாதிரி, சத்தத்தைக் கூட்டிப் பார்த்தான். அவனிடம் தென்னை மரம் ஏறி ஒலிபெருக்கிக் குழாய் கட்டுகிற வேலைக்கு சுடலையாண்டி என்று ஒருவர் இருந்தார். சீசனில் குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடுவார், சீசன் முடிந்தால் யாக்கூபுக்குக் குழாய் கட்டுவார். அவர் தெருவிலிருந்த மரங்களிலெல்லாம் ஏறிக் குழாய்களை வீட்டைப் பார்க்கத் திருப்பிக் கட்டினார். யாக்கூப் கித்தாரை ஒரு தட்டுத் தட்டினான். கோயிலின் மொட்டைக் கோபுரத்திலிருந்த புறாக்களெல்லாம் கிளம்பிச் செங்கோட்டைக்குப் போய் ஒரு வாரம் தங்கிவிட்டு வந்தன. டீக்கடையில் உறை ஊற்றாத பால் தயிரானது. பக்கத்துத் தெருவில் ரொம்ப நாளாக ஓடாமல் கிடந்த சுவர்க் கடிகாரம் ஓட ஆரம்பித்து, கடைசிவரை நிற்கவே இல்லை. ஜாஹிரா முற்றத்தில் உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். யாக்கூப் ஓடிவந்து அவள் முகத்தைப் பார்த்தான்.

"நெஞ்சுல என்னமோ இடிக்கி," என்றாள் அவள். "காதுல ஒண்ணும் வரல."

அந்த வருஷச் சீசனுக்கு யாக்கூப் கடையைப் பூட்டிவிட்டு அருவிக்கரையிலேயே கிடந்தான். அருவிக்குள் எந்தச் சத்தம் போகிறது, எது போகவில்லை என்று கேட்டுப் பார்த்தான். தலை நனையாமல் உள்ளே போக முடியாது, உள்ளே போனால் வெளியிலிருந்து யார் கத்தினாலும் கேட்காது. போலீஸ்காரர் விசில் ஊதினார், கேட்கவில்லை. ஒருவர் தன் மகன் பெயரைத் தொண்டை கிழியக் கூப்பிட்டார், கேட்கவில்லை. ஆனால் கரையில் கல்மேல் ஒருவரைப் படுக்கப்போட்டு சுடலையாண்டி எண்ணெய்க் கையால் முதுகில் அடிக்கிற அடி மட்டும் தண்ணீருக்குள் நின்ற யாக்கூபுக்குத் தெளிவாகக் கேட்டது. வெளியே வந்து அதைச் சொன்னான். சுடலையாண்டி ஆச்சரியப்படவில்லை.

"காஞ்ச சத்தம் தண்ணியில பட்டுத் திரும்பிரும் பாய். இது ஈரச் சத்தம்லா. தண்ணிக்குள்ள தண்ணி போறதுக்கு யாரு தடுக்கா?" என்றார்.

யாக்கூப் அப்படியே கல்லில் உட்கார்ந்துவிட்டான். விஷயம் இவ்வளவுதான். ஆனால் மைக் செட் தொழிலில் தண்ணீர்தான் சத்துரு. சாரல் காலத்தில் ஆம்பிளிபயரை உமி மூட்டைக்குள் புதைத்து வைப்பார்கள், கரி அடுப்புப் பக்கத்தில் பிள்ளைபெற்றவளைப்போல் கிடத்துவார்கள். அப்படிப்பட்ட வஸ்துவிலிருந்து ஈரச் சத்தம் எப்படி எடுப்பது? ஸ்பீக்கருக்கு ஈரத் துணி போர்த்திப் பார்த்தான், அது சளி பிடித்ததுபோல் பேசியது. கித்தாரைத் தண்ணீர்த் தொட்டிமேல் வைத்து வாசித்தான், தொட்டியிலிருந்த தண்ணீர் இளஞ்சூடானதுதான் மிச்சம். கடைசியில் ஆம்பிளிபயருக்குள் சூடேறிய கண்ணாடி வால்வுக்குப் பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்தபோது வால்வு வெடித்து அவன் புருவம் பாதி போயிற்று. ஜாஹிரா மஞ்சள் அரைத்துப் போட்டுவிட்டு, இதெல்லாம் எதற்கு என்று கேட்டாள். அவன் சொல்லவில்லை. வேறு ஏதோ வியாபாரத்துக்கு என்று உதட்டை அசைத்தான். அவள் நம்பவில்லை என்பது அவனுக்குத் தெரியும்.

1961 ஆனியில் ஈர யோசனையைக் கைவிட்டான். இனி ஒன்றே ஒன்று செய்வது, குறையே சொல்ல முடியாதபடி காய்ந்து கணீரென்று செய்வது, அதிலும் அவளுக்குக் கேட்காவிட்டால் கித்தாரை மசூதுவிடமே கொடுத்தனுப்பிவிடுவது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். செங்கோட்டை மரக் கிட்டங்கியில் பலாப் பலகை வாங்கிப் பெட்டி செய்து, மேலே ஜாஹிராவின் கல்யாணச் சேலை நிறத்தில் பச்சைத் துணி ஒட்டினான். எல்லாம் தயார், டிரான்ஸ்பார்மர் மட்டும் பாக்கி. சத்தம் கடைசியாக வெளியே வருகிற வாசல் அது. அவன் நினைத்த அளவுக்குப் பெரிய வாசலை மதுரையில்கூட யாரும் செய்து தருவதாக இல்லை. தலைமுடி கனத்துக்குச் செம்புக் கம்பி வாங்கிவந்து தானே சுற்றப் பார்த்தான். கம்பி அறுந்தது. மறுபடி சுற்றினான், மறுபடி அறுந்தது. பார்த்துக்கொண்டிருந்த ஜாஹிரா பரணிலிருந்து தன் ராட்டையை இறக்கினாள். கல்யாணத்தோடு கடையநல்லூரிலிருந்து வந்தது, எட்டு வருஷமாகத் தூசி தின்றுகொண்டிருந்தது.

"நூல் சுத்துன கைக்கு இது ஒரு வேலையா? எத்தன சுத்துன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க," என்றாள்.

அவன் சொல்லிவிட்டு, கீழப்பாவூரில் ஒரு கல்யாணத்துக்கு மைக் செட்டோடு போய்விட்டான். மறுநாள் மத்தியானம் பஸ்ஸிலிருந்து இறங்கித் தெரு முனையில் திரும்பியவன் அங்கேயே நின்றான். லைட்டுக் கம்பத்துக்கும் அவன் வீட்டு முருங்கைக்கும் நடுவில் தெரு நீளத்துக்கும் செம்புக் கம்பி போவதும் வருவதுமாக நீட்டிக் கட்டியிருந்தது. ஒரு முனையில் மெஹர் பானு குறுக்குக் குச்சியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மறுமுனையிலிருந்து ஜாஹிரா கையில் பிரஷ்ஷோடு, இடுப்பில் சட்டியோடு, கம்பி முழுக்கக் கஞ்சி தடவிக்கொண்டே வந்தாள். மேலே பொடிப்பொடியாகச் சாரல். தறியில் ஏற்றப்போகிற பாவு நூலுக்குக் கஞ்சி போடும்போது யாரும் அதைத் தாண்டக் கூடாது என்று கடையநல்லூரில் ஒரு முறை உண்டு. தென்காசிக்காரர்களுக்கும் அவள் அதைச் சொல்லியிருந்தாள். சைக்கிள்காரர்கள் இறங்கி ஓரமாக உருட்டிக்கொண்டு போனார்கள், ஒரு ஜட்கா வந்த வழியே திரும்பிப் போனது.

"ஏட்டி, கம்பிக்கு யாராவது கஞ்சி போடுவாளா?" என்று யாக்கூப் கத்தினான். கண்ணில் நீர் கட்டிக்கொண்டது.

ஜாஹிரா அவன் உதட்டைப் பார்த்தாள். "கஞ்சி போடாம சுத்துனா அறுந்துல்லா போவும். ரெண்டு தடவ அறுந்தத நானும் பாத்தம்லா," என்று, பாவு ஒன்றை எப்படித் தயார் பண்ணுவது என்று தெரியாத ஆண்பிள்ளையிடம் பேசுகிற பொறுமையோடு சொன்னாள். அருவித் தண்ணீரில் காய்ச்சிய கஞ்சி, சுடலையாண்டி அண்ணாச்சி ஒரு குடம் கொண்டுவந்து கொடுத்தார், அதில் போட்டால் நூல் நன்றாகப் பளபளக்கும் என்றும் சொன்னாள். யாக்கூப் இன்னும் என்னவெல்லாமோ திட்டினான். ஆனால் அவள் கம்பியைப் பார்க்கத் திரும்பிவிட்டாள். உதட்டைப் பார்க்காதவளிடம் கோபப்பட்டு என்ன பிரயோஜனம்? ஒரு கம்பியும் அறுபடவில்லை என்பதையும் அவன் கவனிக்காமல் இல்லை. சாயங்காலத்துக்குள் அவள் ராட்டையில் போட்டுச் சுற்றிக் கொடுத்தாள், கடையில் விற்கிற டிரான்ஸ்பார்மர் எதுவும் அவ்வளவு அழகாக இருக்காது. ஆனால் பிழிந்தால் தண்ணீர் வரும்போல் இருந்தது. வெயிலில் வைக்க வெயில் இல்லை. வேறு கம்பி வாங்க வழியில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வந்து அதை மாட்டினான். புருவத்துக்குப் பயந்து தலையைத் திருப்பிக்கொண்டுதான் சுவிட்சைப் போட்டான். புகை வரவில்லை. பச்சைத் துணியில் மட்டும் மெல்லப் பனி கோத்தது. கித்தாரை எடுத்து, சின்னதாக, பக்கத்தில் ஒரு பிள்ளை உறங்கினால்கூட எழுப்பாத அளவுக்கு வாசித்தான். சத்தம் பெரிதாகவே இல்லை. ஆனால் தெருவில் போனவர்கள் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள். மெஹர் பானு வீட்டுக் கொடியில் காய்ந்துவிட்ட துணிகள் மறுபடி ஈரமாயின. கடை வாசலில் அடுக்கியிருந்த குழாய்களின் வாயிலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் விழுந்தது. வானம் அந்நேரம் வெளிவாங்கியிருந்தது, சாரல் அந்தத் தெருவுக்கு மட்டும் அடித்தது.

ஜாஹிரா அடுக்களையில் இடியாப்பத்துக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். கை நின்றது. மாவுக் கையோடு எழுந்து நடையைத் தாண்டிக் கடைக்குள் வந்து, பலாப் பெட்டிக்கு முன்னால் நின்றாள். தலையை இடது பக்கம் சாய்த்தாள், பிறகு வலது பக்கம் சாய்த்தாள். யாக்கூப் நிறுத்தவில்லை. நாலு வருஷமாக ஊரெல்லாம் வாசித்த அதே பாட்டை முதலிலிருந்து கடைசிவரை அவளுக்கு வாசித்தான். அவள் முகத்தில் தண்ணீர் வழிந்தது, அது சாரலா மற்றதா என்று சொல்வதற்கில்லை. முடிந்ததும் அவள் வாயைத் திறப்பதற்காகத் தெருவே காத்திருந்தது.

"மூணாவது கம்பி எறங்கிக் கெடக்கு," என்றாள் ஜாஹிரா பீவி. "இத்தன வருசமும் இப்பிடியேதான் வாசிச்சியளா?"

யாக்கூபுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன, இரண்டையும் அவன் மறைக்கவில்லை. அவள் சொன்னது சரிதான். பதினெட்டு வருஷமாக ராப்பகலாக ஒரே சுருதியில் அருவி விழுந்த காது அது. அதற்கு முன்னால் எந்தக் கம்பி தப்ப முடியும்? அவன் மூன்றாவது கம்பியை முறுக்கினான். அவள் மாவுக் கையை உயர்த்தி, இன்னும், இன்னும் என்று காட்டி, போதும் என்று மூடினாள். அந்த இடத்தில் நின்ற கம்பியை அதற்குப் பிறகு யாரும் முறுக்கவில்லை. அருவியில் தண்ணீர் ஏறினால் அதுவும் ஏறியது, இறங்கினால் இறங்கியது.

கித்தார் கேட்டால் மைக்கும் கேட்கும் என்று மறுநாள்தான் யாக்கூபுக்குத் தோன்றியது. மைக்கைச் செருகி, "ஜாஹிரா" என்று கூப்பிட்டான். "மெதுவாக் கூப்பிட்டாப் போதும், கேக்குது," என்று அடுக்களையிலிருந்து பதில் வந்தது. கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவன் கூப்பிட்டு அவள் முகம் பார்க்காமல் பதில் சொன்னது அதுதான் முதல் தடவை. அன்றைக்குச் சும்மாவேனும் அடிக்கடி கூப்பிட்டுக்கொண்டிருந்தான், அவளும் அலுக்காமல் பதில் சொன்னாள். அதுவரை அந்த வீட்டுச் சண்டையில் தெருவுக்கு ஜாஹிரா பக்கம் மட்டும்தான் தெரியும். இப்போது யாக்கூப் மைக்கில் பேசியதால் இரண்டு பக்கமும் தெரிந்து, நியாயம் சொல்வதற்குச் சௌகரியமாயிற்று. 1963இல் மகள் ஹைருன் பிறந்தாள். அழ வேண்டுமென்றால் மைக் பக்கம் போய் அழ வேண்டும் என்று தவழுகிற வயதிலேயே அவளுக்குத் தெரிந்திருந்தது. தெருக்காரர்கள் யாக்கூப் வாசிக்கிற நேரத்தில் துணி காயப்போடுவதை விட்டார்கள், செடி கொடிக்குத் தண்ணீர் ஊற்றுவதையும் விட்டார்கள். முருங்கை வருஷம் பூராவும் காய்த்தது. குற்றாலம் போகிறவர்கள் இப்போதெல்லாம் வாசலில் நின்று விரலை ஆட்டுவதில்லை. தெருவில் போகிற போக்கில் மூன்றாவது கம்பியைக் கேட்டுவிட்டு, ஜட்கா பேசுவதா வீட்டுக்குத் திரும்புவதா என்று முடிவெடுத்துக்கொண்டார்கள்.

1968 ஆடியில் சென்னையிலிருந்து, சினிமாவுக்கு வாசிக்கிற ஒரு கித்தார்க்காரர் சீசனுக்கு வந்திருந்தார். நல்ல மனுஷர். பேரருவிக் கரையில் கல்மேல் குப்புறப் படுத்து சுடலையாண்டியிடம் முதுகைக் கொடுத்துக்கொண்டே, வரும் வழியில் தென்காசியில் ஒரு கித்தார் கேட்டதாகச் சொன்னார். அந்த மாதிரிக் குளிர்ச்சியான சத்தத்தைத் தான் எங்கேயும் கேட்டதில்லை, அந்த ஆம்பிளிபயரை யார் செய்தார்கள் என்று தெரிந்தால் தனக்கும் ஒன்று செய்யச் சொல்லலாம், என்ன, மூன்றாவது கம்பி மட்டும் ஒரு பொடி இறங்கியிருக்கிறது, வாசிக்கிறவர் கவனிக்கவில்லைபோல என்றார்.

சுடலையாண்டி அருவியை ஏறிட்டுப் பார்த்தார். பாறை அங்கங்கே தெரிந்தது. "கம்பியில ஒண்ணுமில்ல சார். நேத்து மலையில மழ இல்ல, அதான். நாளைக்குப் போகும்போது கேட்டுப் பாருங்க," என்று சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றினார்.

அன்று இரவு மலையில் மழை பெய்தது. காலையில் அருவி ஒரே வெள்ளையாக விழுந்தது. கித்தார்க்காரர் திருப்தியாகக் குளித்துவிட்டு, ரயிலுக்கு ஜட்காவில் போகும்போது ரயில்வே கேட் பக்கம் வண்டியை நிறுத்தச் சொன்னார். உள்ளே யாக்கூப் வாசித்துக்கொண்டிருந்தான், மூன்றாவது கம்பி அது நிற்க வேண்டிய இடத்தில் சரியாக நின்றது. வாசலில் உட்கார்ந்து முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்த பெண்மணி, "பொம்பளயள் பக்கம் நல்லா விழுது," என்று யாரிடமோ உரக்கச் சொன்னாள். அவர் பாட்டு முடியும்வரை கேட்டார். பிறகு சட்டையைப் பிழிந்து போட்டுக்கொண்டு, வண்டியை எடுக்கச் சொன்னார்.